எஞ்சின் ஓட வேண்டும் என்றுதான் கேட்டேன்

பிரியமானவர்களே, என் மனைவியை நானே சாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன் என்று நம்பிய ஒரு காலைப்பொழுதைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் கல்லாற்றுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மேஸ்திரி. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். மனைவி ரெஜினாவுக்கும் அங்கேதான் வேலை. போன வருஷம், ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால், இலை உதிராமலிருக்க மருந்து தெளிப்பதற்கு ஒரு சின்ன விமானம் வந்தது. எல்லையைக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னைப் பைலட்டுக்குப் பின்னால் ஏற்றினார்கள். மரங்களை வெட்டி மறுநடவுக்காகப் போட்டிருந்த வெற்று நிலத்தின் நடுவில் ரெஜினா பைலட்டுக்கு அடையாளமாக வெள்ளைக் கொடியோடு நிற்க வேண்டும். மருந்து முகத்தில் படாமலிருக்கக் குடை. ஏறுவதற்கு முன் என் அதிகாரத்தை அவளிடமும் காட்டினேன்.

"வேல முடிஞ்சு எனக்க விசில் கேக்கது வர எடத்த விட்டு அனங்கப்பிடாது, கேட்டியா? பிளேன் தலைக்கு மேல வந்தாலும் நிக்கணும்."

"செரி, நிக்கேன்," என்றாள்.

சில சுற்றுகள் நன்றாகப் போயின. பிறகு எஞ்சின் விட்டுவிட்டு இரைந்தது. விமானம் குலுங்கியது. பைலட் மலையாளி. திரும்பிப் பார்க்காமலே, "சேட்டா, எஞ்சின் போகுந்நு. ஆ வெட்டிய ஸ்தலத்து இறக்காம். முறுகெப் பிடிச்சோ," என்றார்.

சுற்றிலும் மரமும் மலையும்தான். மரம் வெட்டிய அந்த நிலத்தை விட்டால் இறங்க வேறு இடமே இல்லை. அந்த இடத்தின் நடுவில் ஒரு கறுப்புக் குடை. அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். பார்த்தாலும் நகரமாட்டாள். நகரக்கூடாது என்று சொன்னவன் நான்.

"ஆண்டவரே, எஞ்சின் ஓடட்டும். அவளைத் தாண்டும் வரைக்கும் போதும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கள் இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்முன் வந்தது. கெஞ்சினேன். அழுதேன்.

எஞ்சின் அடியோடு நின்றுபோனது.

எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு சின்ன உதவியைக்கூடச் செய்யமாட்டீரா என்று வாய்விட்டே கேட்டேன். காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. குடை பெரிதாகிக்கொண்டே வந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்ட கை எதிலோ பட்டது. கழுத்தில் தொங்கிய விசில்.

ஜன்னலைத் தள்ளிவிட்டு, மூச்சுள்ள மட்டும் ஊதினேன். குடை அசைந்தது. மறுபடி ஊதினேன். குடையைப் போட்டுவிட்டு அவள் ஓரத்து மேட்டை நோக்கி ஓடினாள். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது நெற்றியில் இரத்தம். பைலட்டுக்குக் கை முறிந்திருந்தது. விமானத்தின் அடியில் குடை நசுங்கிக் கிடந்தது. ரெஜினா என் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"எப்பிடி ஓடின?" என்று கேட்டேன்.

"விசில் கேட்டுது, ஓடினேன். நீங்கதான சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கேட்டபடி எஞ்சின் ஓடியிருந்தால் அந்த இரைச்சலில் விசில் அவள் காதில் விழுந்திருக்காது. அப்படி விட்டுவிட்டு ஓடியிருந்தாலும் எங்களால் அவளைத் தாண்டியிருக்க முடியாது என்று பைலட் பிறகு சொன்னார்.

இப்போதெல்லாம் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தும் முன், நான் அங்கே போய் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன். ஜெபத்திலும் ஆண்டவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பதைக் குறைத்திருக்கிறேன். உங்களில் யாராவது ஜெபித்து ஜெபித்து, கடைசியில் எல்லாம் நின்றுபோனது என்று கலங்கிக்கொண்டிருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள். நான் கேட்டதைத் தராத என் ஆண்டவருக்கு நன்றி. ரெஜினா அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.