எர்லீன் அடக்கிய வரிசை

அலபாமாவில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் எங்கள் கல்லூரிக் கால்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் அணியை நடத்துகிறவன் உத்தி சொல்லும்போது அரங்கம் மூச்சுவிடாது. எதிரணிக்காரன் சொன்னால், அவன் ஆட்களுக்குக் கேட்காதபடி காது கிழியக் கத்தும். பள்ளிப் பேருந்து ஓட்டும் எர்லீன், எங்கள் அணியை நடத்திய கோல்பிக்காக மூன்று வருடம் கையை உயர்த்தி எங்கள் இருக்கை வரிசையையே அடக்கிவைத்தாள். “இங்கதான் இருப்பேன் அத்தை” என்று அவள் வறுத்த கோழியைத் தின்றவன், மறுநாளே எங்கள் பரம எதிரிக் கல்லூரிக்குத் தாவினான். தொலைக்காட்சி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் அவர்கள் சட்டையில் வந்து நின்றான். உத்தி சொல்ல அவன் கையை உயர்த்தியதும் எர்லீனும் கையை உயர்த்தி எழுந்தாள்.

“ஷ்ஷ்! புள்ள பேசுறான்!”

எங்கள் வரிசை கப்சிப்பென்று அடங்கியது.

“அடியே, அவன் இப்ப அவங்க ஆளுடி!” என்று நான் கத்துவதற்குள் பந்தோடு எங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

எர்லீன் கையை இறக்கவில்லை. “அந்த நன்றிகெட்டவன் போயிட்டான்னு இந்தக் கைக்கு யாருடி சொல்றது?”