புகை தூக்கலான கிளாஸ்

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவருக்கு நான் தீவனம் விற்றுக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் இருந்த அவருடைய மகன், ஊருக்கு யார் வந்தாலும் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி கொடுத்தனுப்புவான். அவன் மட்டும் வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பண்ணை ஆபீசில் எனக்கும் ஊற்றுவார்.

இரண்டு கிளாஸில் இரண்டு வகை. நரைத்த மீசை படும்படி கிளாஸை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இதுல தேன் வாசமுங்க தம்பி. அதுல புகை தூக்கலா இருக்குது" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். மூன்று தலைமுறையாக இதையே குடித்தவர் மாதிரி என்ன பேச்சு!

ஒருநாள் அவர் வெளியே போனபோது கிளாஸ்களை இடம் மாற்றி வைத்தேன். திரும்பி வந்தவர் தேன் கிளாஸை முகர்ந்து, "புகைன்னா இதுதானுங்க புகை" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாற்றியதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை.

"கோழி எச்சத்துலயே கெடந்து எம்மூக்கு செத்து வருசமாச்சுங்க. பாட்டில் வர்ற டப்பா மேல வாசத்தப் பத்திப் போட்டிருக்கறத மனப்பாடம் பண்ணிக்குவேன். பையன் போன் பண்ணா, எது நல்லா இருந்துச்சுங்கப்பான்னு கேப்பான். அத உட்டா எங்கிட்டப் பேச அவனுக்கு வேறென்ன இருக்குது?"

பிறகு இரண்டு கிளாஸையும் என் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கு மூக்கு இருக்குதுல்ல? நெசமா எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க. சாயந்தரம் கூப்புடுவான்."

ஒன்றை எடுத்து முகர்ந்தேன். சன்னல் வழியாக வந்த பண்ணை வாடைதான் மூக்கில் ஏறியது.

"புகை தூக்கலா இருக்குதுங்க" என்றேன்.