பீரோவில் வைத்த பாவாடை

மழை என்றாலே எனக்குப் பயம். சாரல் அடித்தால்கூட எழுந்துபோய்க் கதவின் கீழே சாக்கை மடித்து வைப்பேன். "வானம் இருட்டுனா எல்லாரும் துணி எடுக்க ஓடுவாங்க, இவ அழுவறதுக்கு ஓடுவா" என்று என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு வந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் பயப்பட்டுவிடுவேன்.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில், ஏரிக்கரைக்கு இந்தப் புறம் எங்கள் வீடு. இரண்டு அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் காண்டிராக்ட் வேலை. பின்னால் ஒட்டினாற்போல ஓர் அறை கட்டி, கம்பெனிக்கு வந்த திருநெல்வேலித் தம்பி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். நாங்கள் வீடு கட்டியபோது அது பள்ளம் இல்லை. பிறகு சுற்றிலும் குடோன் கட்டவும் லாரி நிறுத்தவும் மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டே போனார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே பள்ளமாகிவிட்டோம்.

முன்னறைக் கூரையின் இரும்புக் குழாயில் ஒரு மூங்கில் கூடை தொங்கும். அது என் மகளுடையது. காய்ச்சலில் போய்விட்டாள், பெரிய மனுஷி ஆவதற்கு முன்னாலேயே. அப்படிப் போன பெண்ணை எங்கள் வீடுகளில் கன்னி என்று சாமியாக வைத்துக் கும்பிடுவோம். அவளுடைய துணி, வளையல், ரிப்பன் எல்லாம் ஒரு கூடையில் வைத்துத் தரையில் படாமல் உயரக் கட்டிவிடுவோம். வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி வெள்ளியில்தான் இறக்கலாம். தலைக்குக் குளித்துவிட்டு இறக்கி, துணியைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, படையல் போட்டு, திரும்ப ஏற்றிவிட வேண்டும். மற்ற நாளில் அதில் கை வைக்கக் கூடாது.

அந்தப் பாவாடை நல்ல சிவப்பு. அவள் கடைசித் தீபாவளிக்கு எடுத்தது. கடையில் அதைத்தான் வேண்டுமென்று அடம்பிடித்தாள். கட்டிக்கொண்டு மழையில் ஆடிவிட்டு வந்து, "எம்மா, இங்க பாரேன், காலெல்லாம் செவந்துகீது" என்று முழங்கால்வரை தூக்கிக் காட்டிச் சிரித்தாள். மட்டமான சாயம். ஒவ்வொரு ஆடியிலும் நான் அதை அலசும்போது வாளித் தண்ணீர் சிவப்பாகும். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற மனசு வராமல் கொஞ்ச நேரம் கையை அதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். அவள் உடுத்தியதில் மிச்சம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளோடு போய்விட்டது.

ரெண்டாயிரத்துப் பதினைந்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கூரையில் கூடைக்கு நேர் மேலே ஒரு விரிசல். சொட்டுச் சொட்டாகக் கூடை மேல் விழுந்தது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"இன்னா பண்ற? ஆடியா இப்ப?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒழுவுதுய்யா. பாவாட நனைஞ்சி நாறிடும்."

"மேல ஒரு பாலிதீன் கவரப் போட்டு வுடு."

"காத்துல பிச்சிக்கினு பூடும். பீரோல வெச்சிடறேன். அதுக்குள்ள எந்தத் தண்ணி வரும்?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கூடை பீரோவுக்குள் நுழையவில்லை. பாவாடையை மட்டும் எடுத்துக்கொண்டு கூடையைத் திரும்ப ஏற்றினேன்; பாவாடையை என் புடவைகளுக்கும் அவருடைய கல்யாண வேட்டிக்கும் நடுவில் வைத்துப் பூட்டினேன். என் அம்மா வீட்டில் கொடுத்த இரும்பு பீரோ. நாலு பேர் சேர்ந்து தூக்கிவந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் விடிந்தபோது கக்கூஸ் கோப்பையிலிருந்து தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த திருநெல்வேலித் தம்பி தெருவிலிருந்தே கத்தினார். "எக்கா, ஏரி நெறஞ்சு வழியுது! தெருவுல இடுப்பளவு வந்துட்டு! ஒண்ணையும் எடுக்காதிய, ஆளு மட்டும் வெளிய வாங்க!" அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். அங்கே யார் பொட்டலம் கொடுத்தார்கள், என்ன சாப்பிட்டேன், எதுவும் ஞாபகமில்லை. இடுப்புச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம். பீரோ கனம், அது அசையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்து திரும்பியபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு. ஃபிரிட்ஜ் அடுப்படியை விட்டு முன்னறைக்கு வந்திருந்தது. அரிசி மூட்டை ஊறி வெடித்துப் புளித்த நாற்றம். மெத்தை சேறு குடித்துக் கிடந்தது. பீரோ மிதந்து, புரண்டு, கதவுப் பக்கம் அடியிலாகக் கவிழ்ந்திருந்தது.

கூடை மட்டும் குழாயில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கோடு அதற்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டிருந்தது. சொட்டின ஈரம் காய்ந்து, உள்ளே ரிப்பனும் வளையலும் அப்படியே இருந்தன.

சேரப்பணஞ்சேரியிலிருந்து என் நாத்தனார் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தார். கூடையைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது.

"ஏண்டி, அதது அதது எடத்துல இருக்கணும்னு உனுக்குத் தெரியாது? சாமிய எறக்கிப் பூட்டி வெச்சியா? உன் பயத்துக்கு அந்தப் புள்ளையும் தப்பலயே!"

"நீ கம்முனு இரு அக்கா" என்றார் வீட்டுக்காரர். எனக்காக அவர் தன் அக்காவை அதட்டி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் சேற்றை வாரிக்கொண்டிருந்தேன். நாத்தனார் சொன்னது எனக்குள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான்.

பீரோவை மூன்று பேராகப் புரட்டினோம். சாவித் துவாரத்தில் சேறு இறுகிப்போய் சாவி நுழையவில்லை. தெருமுனையில் கம்பெனியில் சரக்கு அடுக்கும் பேலட் கட்டைகளைப் பிரித்து விறகுக்கு விற்பவரிடம் தம்பி சின்னக் கடப்பாரை வாங்கிவந்தார். வந்தவர் கதவில் கை வைக்கவில்லை.

"எக்கா, உள்ள கன்னி துணியா இருக்கு? எங்க வீட்லயும் அத்தை ஒருத்தி உண்டு, ஓலப்பெட்டில வச்சிருப்பாவ. குளிக்காம நான் தொடக் கூடாதே."

குளிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது? தொட்டி, குழாய், எல்லாமே சாக்கடை. குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். எனக்கும் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். நாத்தனார்கூடத் தள்ளி நின்று வழிவிட்டார்.

கதவு நெம்பித் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அப்புறம் துணிகள் தெரிந்தன. என் சந்தன நிறப் புடவை, வீட்டுக்காரரின் கல்யாண வேட்டி, துண்டு, தலையணை உறை, எல்லாவற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. நடுவில் பாவாடை வெளிறிப்போய்க் கிடந்தது. தூக்கினேன், இடுப்புப் பட்டி கையோடு கிழிந்து வந்தது.

"சாக்கடத் தண்ணி பட்டது. இனிமே அத்த மேல ஏத்தக் கூடாது" என்றார் நாத்தனார், குரலை இறக்கி. "ஏரில வுட்டுட்டு புதுசா ஒண்ணு எடுத்து வைங்க."

"புதுசு அவ கட்டுனது இல்லியே அண்ணி."

தம்பி கடப்பாரையின் சேற்றைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாள் அதை வாளியில் வைத்துக்கொண்டு அடம் பண்ணினேன். பூஞ்சை பூத்துக்கொண்டே வந்தது. கடைசியில் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் கூட வந்தார். கரையில் உட்கார்ந்து பாவாடையை ஏரித் தண்ணீரில் முக்கினேன். பழக்கத்தில் கையை எடுக்காமல் காத்திருந்தேன். தண்ணீர் நிறம் மாறவே இல்லை.

"சாயமே வரல பாரு" என்றார் அவர். மகள் போனபோதுகூட என் முன்னால் அழாத மனுஷர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதிலும் சிவப்புத் திட்டு. நான் பிடியை விட்டேன். பாவாடை கொஞ்ச தூரம் போய், வெங்காயத்தாமரையில் சிக்கி, அப்புறம் கண்ணில் படவில்லை.

தெருவில் ஆளுக்கொரு மெத்தையும் பீரோத் துணியும் கொட்டி மலையாகக் குவித்திருந்தார்கள். எங்கள் துணிகளையும் நாத்தனார் அதில் போட்டிருந்தார். நான் போய் வேட்டியையும் சந்தனப் புடவையையும் உருவி எடுத்துவந்தேன். அலசி அலசிப் பார்த்தேன். சேறு போனது, நாற்றமும் போனது, அந்தச் சிவப்பு மட்டும் போகவில்லை.

மறு ஆடிக்குப் புதுப் பாவாடை எடுக்க ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனோம். சிவப்பு கேட்டேன். கடைக்காரப் பெண், "தெகிரியமா எடுங்கம்மா, சாயம் போவவே போவாது" என்றாள். வாங்கிவந்து கூடையில் வைத்து மேலே ஏற்றினோம். படையலுக்கு நான் அந்தச் சந்தனப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு நின்றேன். "நல்ல நாள்ல கறப் புடவ" என்று நாத்தனார் ஆரம்பித்தார், பிறகு முந்தானையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்போதும் வானம் இருட்டினால் சாக்கை மடித்து வைக்கிறேன். கூடையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தச் சந்தனப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.