கஜலட்சுமி செய்யாத சத்தியம்

கடுகஸ்தோட்டையிலிருந்து மேலே ஏறும் சாலையில் இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில் கஜலட்சுமி வேலைக்குச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் தெல்தோட்டை. கணவர் ராஜலிங்கம் தோட்டத்து லொறி ஓட்டினார். ஒரே மகள் நிலூஷாவுக்குப் பதினான்கு வயது. 2020 ஒக்டோபரில் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரன் ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, போகிறவர்கள் இன்றே போகலாம், இருக்கிறவர்கள் உள்ளேயே தங்க வேண்டும் என்றார். எட்டு உதவியாளர்களில் மூன்று பேர் தங்கினார்கள். கஜலட்சுமி அவர்களில் ஒருத்தி.

உள்ளே முப்பத்தொரு முதியவர்கள். நோய் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. ஆனால் வேறொன்று வந்துவிட்டதைக் கஜலட்சுமி சாப்பாட்டுத் தட்டுகளில் கண்டாள். பார்வையாளர்கள் வரக்கூடாது என்று ஆன மூன்றாம் வாரத்திலிருந்து பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது. மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த சண்முகநாதன் ஐயா சவரம் செய்வதை விட்டுவிட்டார். சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இதற்கு என்ன மருந்து என்று கஜலட்சுமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விறாந்தையில் கதிரைகளைச் சாலை பார்த்துப் போட்டாள். உறவுக்காரர்களுக்குப் போன் எடுத்து, எதிர்ப்பக்க மதிலோரம் வந்து நின்று கை காட்டிவிட்டாவது போகச் சொன்னாள். ஐயாவின் மகன் ஒரு ஞாயிறு வந்து மழையில் அரை மணி நேரம் நின்றார். மறுநாள் காலை ஐயா முகக்கண்ணாடி கேட்டார்.

ஆஸியா உம்மாவுக்குக் கை காட்ட மடவளையிலிருந்து ரபீகா வருவாள். உம்மாவின் தங்கை மகள். உம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு, பிள்ளைகள் இல்லை. அவரோடு ஒரே அறையில் இருந்தவர் கம்பளை ஊரைச் சேர்ந்த வடிவம்மா. எண்பதைத் தாண்டியவர், தீராத மூச்சிழுப்புக்காரர். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே மூன்றடிதான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இருவருக்கும் நாள் தவறாமல் சண்டை நடக்கும்.

கொரோனாவில் இறந்தால் யாராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்பது அப்போது நாட்டில் சட்டம். முஸ்லிம்களுக்கும் விலக்கு இல்லை. டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்த நாளோடு உம்மா டிவி அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, காய்ச்சல் பார்க்கும் கருவியை உம்மாவின் நெற்றிக்கு நேரே பிடித்தபோது நெற்றி ஈரமாக இருந்தது.

"என்னங்க உம்மா, முகமெல்லாம் தண்ணி?"

"தொழுகைக்கு வுழு எடுத்த தண்ணி மகள்."

காலை மணி ஒன்பதரை. அது ஐந்து நேரத் தொழுகையில் எதற்குமான நேரம் இல்லை என்று கஜலட்சுமிக்குத் தெரியும். உம்மாவின் முக்காட்டு நுனி கசங்கி, எச்சிலில் நனைந்து கிடந்தது. அவள் அறையை விட்டு வெளியே வந்து கதவோரம் நின்றாள். சற்று நேரத்தில் துணியை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிற சத்தம் கேட்டது.

சொன்னால் உம்மா உடைந்து போவார். சொல்லாவிட்டால் முப்பது உயிர். வடிவம்மாவுக்கு இந்த நோய் வந்தால் ஒரு வாரம் தாங்காது. நேரே அலுவலகத்துக்குப் போய் மேட்ரனிடம் சொன்னாள். அவர் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ.மாரைப் போனில் கூப்பிட்டார். இரண்டு மணிக்குப் பரிசோதனைக்கு வருவதாக அவர்கள் சொன்னார்கள்.

பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு கஜலட்சுமி திரும்பி வந்தபோது, உம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து சுவரைப் பிடித்தபடி குளியலறைக்குள் போய் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மேட்ரனின் உத்தரவில் வடிவம்மாவை விறாந்தையின் கோடியில் தனியாக உட்கார வைத்தார்கள். பன்னிரண்டரை ஆனது. உம்மா திறக்கவில்லை. உள்ளே ஈரத் தரை. விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். தோட்டக்காரரிடம் அலவாங்கு வாங்கிக் கதவை உடைக்கலாம் என்றார் மேட்ரன்.

"வேணாம் மிஸ். உடைச்சா பயத்துலயே போயிருவாங்க" என்று கஜலட்சுமி சிங்களத்தில் கெஞ்சினாள். கதவடியில் தரையில் உட்கார்ந்து, ரபீகாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரியும்மா, தெறங்க. ஒன்டும் ஆகாது. ஒங்கள யாரும் எரிக்க ஏலா, நான் விட மாட்டேன்" என்று ரபீகா அழுதாள்.

உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. "நீ அரசாங்கமா?"

பிறகு உம்மா, "கஜா" என்றார். "நான் மவுத்தானா என்ன மண்ணுலதான் அடக்குவாங்கன்டு ஒன்ட சாமிட பேர்ல சத்தியம் செய். தெறக்கிறேன்."

தமிழ் தெரியாத மேட்ரனுக்கும் விஷயம் புரிந்திருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கையால் சைகை காட்டினார். ஒரு பொய்தான். கதவு திறந்துவிடும். கஜலட்சுமிக்கு வாய் வரை வந்துவிட்டது.

"சத்தியம் பண்ண மாட்டேன் உம்மா. அது என் கையில இல்ல. பொய்ச் சத்தியம் பண்ணி உங்கள வெளிய கூப்பிட என்னால ஏலாது."

உள்ளே இருமல். இப்போது துணி அடைக்காத இருமல், நீளமாக.

"என் கையில இருக்கிறதச் சொல்றேன். ஆம்புலன்ஸ்ல கூட வாறேன். தனியா விட மாட்டேன். நீங்க சாப்பிடணும், மருந்து குடிக்கணும், சாகாம திரும்பி வரணும். அதுக்கு மட்டும்தான் உம்மா நான் பொறுப்பு."

"ஒனக்குப் பயமில்லையா?"

"பயந்தான். ரெண்டு மாசமா நெதமும் பயந்தான். ராத்திரியில நெஞ்சு படபடங்குது. யார்கிட்டயும் சொல்லல."

மேட்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது விறாந்தைக் கோடியிலிருந்து வடிவம்மாவின் இழுப்புச் சத்தம் எழுந்தது. பரபரப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அது வடிவா?" என்றார் உம்மா.

"ஆமாங்க."

"அவளுக்கும் காச்சலா?"

"தெரியாது உம்மா. உங்க பக்கத்துலதானே படுத்தாங்க. உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சாத்தான் அவங்களுக்கும் பாக்கலாம்."

தாழ்ப்பாள் விலகியது. உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. "அவள மொதல்ல பாருங்க" என்றார்.

பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆனது. வடிவம்மாவுக்கு இல்லை. உம்மாவுக்கு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. கஜலட்சுமி பையோடு படியிறங்கினாள். அங்கியுடன் நின்ற ஊழியர் கையை நீட்டித் தடுத்தார். நோயாளி மட்டும்தான். மேட்ரன் பேசிப் பார்த்தார், பயனில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த உம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் கையில் இருப்பதாக அவள் சொன்னதும் அவள் கையில் இல்லாமல் போயிற்று. கஜலட்சுமி தன் போனையும் சார்ஜரையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு ஊழியரிடம் நீட்டினாள். தெல்தோட்டையில் இருக்கும் மகளோடு அவள் பேசுவது அந்தப் போனில்தான். "அவங்ககிட்ட குடுங்க. நாலு மணிக்கு நான் கூப்பிடுவேன்னு சொல்லுங்க."

உம்மாவோடு பழகியதால் தனிமைப்படுத்தலில் கஜலட்சுமிக்கு ஒதுக்கிய அறையின் ஜன்னலுக்கு வெளியே, இல்லத்தின் போனை மேட்ரன் நீண்ட வயரோடு கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு நாள், தினம் நாலு மணிக்கு. என்ன சாப்பிட்டீங்க, எத்தனை வாய் என்று கேட்பாள். முதல் நான்கு நாள் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் போனை யாரும் எடுக்கவில்லை. ஆறு மணி வரை அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். கடைசியில் ஒரு தாதி எடுத்து, ஒட்சிசன் வைத்திருக்கிறோம், இப்போது பேச முடியாது என்றார். அன்று கஜலட்சுமிக்கு வந்த தட்டும் அப்படியே திரும்பிப் போனது. ஏழாம் நாள் உம்மாவே எடுத்து, "கஞ்சி. உப்பில்ல" என்றார்.

ஜனவரி முதல் வாரத்தில் உம்மா திரும்பி வந்தார், பாதி ஆளாக. வண்டியை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "வாறேன்டு சொல்லிட்டு நீ வரல்லயே."

"வரல உம்மா" என்றாள் கஜலட்சுமி.

உயிர் வந்ததே தவிரப் பயம் போகவில்லை. சட்டம் அப்படியேதான் இருந்தது. உம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். வேலை முடிந்த பிறகு கஜலட்சுமி போய்க் கட்டிலோரம் உட்காருவாள். ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. வடிவம்மா மட்டும் வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைப்பார். மூன்றாவது வாரம் உம்மா எழுந்து போய் அதைப் படாரென்று அடித்து மூடினார். அன்று மாலை இருவரும் ஒரு மணி நேரம் சண்டை பிடித்தார்கள். விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கஜலட்சுமி, உள்ளே போய் விலக்கவில்லை.

பெப்ரவரி கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. ரபீகா மடவளையிலிருந்து போன் எடுத்துச் சந்தோஷத்தில் சேதியை இரண்டு முறை சொன்னாள். உம்மா கேட்டுவிட்டுப் போனைக் கஜலட்சுமியிடம் திருப்பிக் கொடுத்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப இதுக்கு முந்தி எரிபட்டவங்க?" என்றார்.

உம்மா அழத் தொடங்கினார். அத்தனை நாளில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. வடிவம்மா தன் கட்டிலிலிருந்து மெல்ல இறங்கி, அந்த மூன்றடியைக் கடந்து வந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

மார்ச்சில் மேட்ரன் கஜலட்சுமிக்குப் பத்து நாள் லீவு கொடுத்தார். தெல்தோட்டை பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிலூஷா நின்றிருந்தாள். ஐந்து மாதத்தில் அம்மாவை விட உயரமாகியிருந்தாள்.