துப்பிய ஒயினும் கட்டிய கயிறும்

பிள்ளைகளே, உங்கள் அப்பா குடிகாரன் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நீங்கள் நம்பவில்லை. ஒன்பதாவது வரை படித்தவன் நான். தெரிந்த தமிழில் எழுதிவைக்கிறேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, இரும்பை கிராமத்தைத் தாண்டி ஒரு சின்ன ஒயின் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒயின் என்றால் நம் ஊரில் ஒயின் ஷாப்தான் தெரியும். இது அது இல்லை. இங்கே வெள்ளை ஒயின் செய்வார்கள். லாரியில் பச்சைத் திராட்சை வரும். காம்பைக் கழித்து, பழத்தை மெதுவாக நசுக்கி, சாறு இறங்கியதும் தோலையும் விதையையும் பிரித்துவிடுவோம். சிவப்பு ஒயினுக்குத்தான் தோலோடு ஊறவேண்டும். சாற்றைக் குளிரவைத்த எவர்சில்வர் தொட்டியில் விட்டு ஈஸ்ட் சேர்ப்போம். அது சாற்றின் சர்க்கரையைத் தின்றுதான் போதை உண்டாகிறது. தொட்டி சூடேறினால் வாசனை பறந்துவிடும். அதனால் குளிரிலேயே மெல்லப் பொங்கவிடுவோம்.

பழத்தை அளவுக்கு மீறி அழுத்தினால் விதையின் கசப்பு சாற்றில் இறங்கிவிடும். அதை ருசி பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. நல்ல வெள்ளை ஒயின் முதலில் எலுமிச்சைபோலக் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுண்டும். பிறகு கொய்யாக்காய் வாசனை மூக்குக்கு ஏறும். இனிப்பு பெரும்பாலும் இருக்காது. வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்பிவிடுவேன். விழுங்கிக்கொண்டே போனால் அடுத்தடுத்த தொட்டிகளுக்குள் நாக்கு மரத்துவிடும்.

ஒருநாள் வேலை முடிந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். காணையிலிருந்து வந்திருந்த உங்கள் தாய்மாமா தோளில் கைபோட்டார். என் சட்டையில் ஒயின் சிந்தியிருந்தது.

"இன்னா மாமா, பட்டப்பகல்லயே ஏத்திக்கினு வர்றீங்க?"

"வேலைடா. வாயில வெச்சிப் பாத்துட்டு துப்பிட்டேன்."

"சரக்க துப்புற ஆளு இந்த ஜில்லாவுலயே கிடையாது மாமா!" என்று சிரித்தார்.

எனக்கு முன்னால் அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் அம்மா அழுதாள். நம் பக்கத்தில் குடிக்கிறவர்கள் குடியை விடுவதாக அம்மன் முன்னால் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள்.

"வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் போறோம். நீங்க கயிறு கட்டிக்கணும்" என்றாள்.

"குடிக்காதவன் எதுக்குக் கட்டிக்கணும்?"

"குடிக்காதவருக்கு கட்டிக்கிறதுல இன்னா கஷ்டம்?"

அமாவாசையன்று கோயில் கூட்டத்தில் நசுங்கி நின்று, ஒரு வருஷத்துக்குச் சரக்கு வாயில் படாது என்று சத்தியம் செய்து கட்டிக்கொண்டேன். கூட வந்த உங்கள் மாமாவும் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் கிளாசை நீட்டினார். கையைக் காட்டினேன்.

"முழுங்க வேணாம்ங்க, எப்பவும் துப்புறதுதானே?"

"வாயில படக்கூடாதுன்னு சத்தியம் சார்."

"அப்ப உங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அந்த மாதமே வேறு ஆள் வந்துவிட்டான். உங்கள் மாமா கரும்பு வெட்டு தொடங்கியதும் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "ஒடம்பு வலி தாங்கல மாமா, அம்மனுக்குத் தெரியாததா?" என்று என்னிடமே சொன்னார். அவரை வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வருஷம் முடிந்ததும் நான் அவிழ்க்கப் போனேன். உங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டுங்க. இது கட்டுனப்புறம்தான் சட்டையில வாசனையே இல்ல." பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்: ஆத்தா புண்ணியத்தில் அவர் திருந்திவிட்டார். குடிக்காமல் இருக்க இருக்க, முன்பு குடித்தவன் என்பது எல்லோருக்கும் உறுதியாகிக்கொண்டே போகிறது.

இப்போது விழுப்புரத்தில் ஒரு ஜூஸ் கடையில் நிற்கிறேன். திராட்சையை விதையோடு மிக்சியில் அடிக்கச் சொல்கிறார் முதலாளி. கசக்கும் என்றேன். "சக்கரைய கொட்டுய்யா, எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார். கொட்டுகிறேன்.

பெரியவளே, நேற்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்ச் சொம்பைக் கொடுக்கிற சாக்கில் குனிந்து என் சட்டையை முகர்ந்தாய். தம்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். அது கடைத் திராட்சையின் வாசனை, கண்ணு. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உன் அம்மா கேட்டாள்:

"கயிறு கையில இருக்குதா பாருடி."

"இருக்குதும்மா" என்றாய். என் முகத்தை நீ பார்க்கவே இல்லை.