கிட்டத்தட்ட நெவிலின் பூனை

எங்கள் ஊரான ரஃப் கிரீக்கில் என் தம்பி நெவிலை யாரும் வெறும் நெவில் என்று சொல்வதில்லை. கிட்டத்தட்ட நெவில் என்பார்கள். எங்கள் வேட்டைக் கிளப்பின் வருடாந்தரப் போட்டியில் முப்பத்தொரு வருஷமாகக் கலந்துகொள்கிறான். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பன்றியில் மூன்றாவது, மானில் நான்காவது, முயலில் எப்போதும் இரண்டாவது. காட்டுப் பூனையில் ஒரு வருஷம் நாற்பதே கிராமில் கோட்டை விட்டான். ஒரு முட்டையின் எடைகூட இல்லை அது. அன்றைக்குத் தராசுப் பக்கம் நின்று எடை போட்டவள் நான்தான். கூடப் பிறந்தவன் என்பதற்காக விரலை வைத்து அழுத்தவா முடியும்?

அவனுக்கு வேலை கவுன்சிலில், சரளை ரோடுகளில் கிரேடர் ஓட்டுவது. அவன் சமன் செய்துவிட்டுப் போவான், பின்னாலேயே பால் லாரிகள் வந்து குழியாக்கும். திரும்பவும் போய்ச் சமன் செய்வான். முப்பது வருஷமாக இதில் அவன் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பேராசைக்காரன் இல்லை. ஆனால் ஊர் ஹாலின் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. வருஷா வருஷம் கனத்த பூனையைக் கொண்டுவந்தவன் பெயரை அதில் வெள்ளை எழுத்தில் எழுதுவார்கள். டார்சி கெம்ப் என்ற பெயர் மட்டும் அதில் பதினோரு தடவை இருக்கிறது. மாதக் கூட்டத்தில் நெவில் எப்போதும் அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

போட்டியின் விதிகளை எழுதியவள் நான். நவம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடக்கம், ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு முடிவு. வெள்ளி நாலு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் செத்த பூனைகூடச் செல்லாது. வீட்டுப் பூனை செல்லாது. வளர்ப்புப் பூனைகளுக்குக் கழுத்துத் தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பேன். ஒரு வருஷம் ஒரு மகானுபாவன் ஃப்ரீசரில் வைத்திருந்த பூனையைக் கொண்டுவந்தான். மேலே ரோமம் புசுபுசுவென்று இருந்தது, காதைத் தொட்டால் ஐஸ். அன்றிலிருந்து கறி வேகும்போது சூடு பார்க்கிற ஊசியையும் கையோடு கொண்டுபோகிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எடையில் முதலாவதாக வந்த பூனையின் வயிற்றை ஹாலிலேயே, எல்லோர் முன்னாலும், மேஜைமேல் கிழித்துப் பார்ப்போம். இதைத் தொடங்கி வைத்தவள் நெவிலின் மனைவி ஏவிஸ். ஆற்றின் நடுவிலுள்ள சரளைத் திட்டில் கருந்தலை ஆலா என்ற ஆற்றுப் பறவைகள் முட்டையிடுகின்றன. பதினான்கு வருஷமாக அவற்றைக் காவல் காப்பது அவள்தான். பூனை என்ன தின்கிறது என்று கண்ணால் கண்டால்தான் ஊர் நம்பும் என்றாள். இப்போது எடை போடுவதைவிட வயிறு கிழிப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். எத்தனை பல்லி இருக்கும் என்று பந்தயம்கூடக் கட்டுகிறார்கள்.

ஜூலை மாதம், பூமியின் தென்பாதியிலுள்ள எங்களுக்கு நல்ல குளிர். ஆற்றங்கரையில் பாழடைந்து கிடக்கும், ஒரு காலத்தில் ஆட்டுக் கம்பளி கத்தரித்த கொட்டகைப் பக்கம் கிரேடரை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான் நெவில். உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தது. துப்பாக்கி அவன் பக்கத்திலேயே இருந்தது. பறவைகளைத் தின்று தீர்க்கும் காட்டுப் பூனையை எங்கே கண்டாலும் சுட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவன் கையும் துப்பாக்கிக்குப் போயிருக்கிறது. ஆனால் கண் வேறு கணக்குப் போட்டது. இப்போது அஞ்சு கிலோ இருக்கும், எலும்பைப் பார்த்தால் ஏழுக்குக் குறையாமல் வளரும். நவம்பருக்கு இன்னும் நாலு மாதம்.

துப்பாக்கியை வைத்துவிட்டு, தன் நாய்க்காக வைத்திருந்த இறைச்சி உருளையைத் துண்டு போட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான். ஆசை யாரைத்தான் விட்டது.

ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது, பூனை பெருத்தது. அக்டோபரில் ஆலாக்கள் வந்து இறங்கின. ஏவிஸ் தினமும் விடிகாலையில் தொலைநோக்கியோடு கரைக்குப் போய்க் கூடுகளை எண்ணி, இரவுச் சாப்பாட்டின்போது சொல்வாள். முப்பத்தெட்டு. மறுநாளும் முப்பத்தெட்டு. நெவிலுக்குச் சோறு இறங்கும். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. நவம்பர் முதல் வாரத்தில் திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓடுகிற சின்னக் கால்வாய் வற்றிப் போனது. கால் நனையாமல் யாரும் நடந்து போகலாம். பூனையும் போகலாம்.

போட்டி வாரத்தின் திங்கட்கிழமை ஏவிஸ் சொன்னாள்: "முப்பத்தொண்ணு."

"நேத்து முப்பத்தெட்டுன்னு சொன்ன?"

"நேத்து முப்பத்தெட்டு, இன்னைக்கு முப்பத்தொண்ணு. மணல்ல காலடி கெடக்கு. இவ்ளோ பெருசு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "முயல் கறி வெச்சுப் பொறி வெச்சேன், மீன் வெச்சேன். பக்கத்துல வந்து சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கு. பசிச்ச பூனைன்னா உள்ள போகாம இருக்குமா நெவில்? இதுக்கு வேற எங்கயோ வயிறு நெறையுது."

ஆட்டுக்கறித் துண்டு புரையேறி அவன் இருமினான். ஏவிஸ் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? மறுநாள் இரண்டு மடங்கு இறைச்சி வைத்தான். வயிறு முட்டத் தின்றால் ஆற்றுப் பக்கம் போகாது என்று அவன் நினைப்பு. பூனை பசிக்கு மட்டும் கொல்லும் பிராணி இல்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவனுக்கும் தெரியும். பயந்த மூளைக்கு எது தெரிந்து என்ன பயன்?

புதன்கிழமை என் கடைக்கு வந்தான். விவசாயிகளுக்கு வேண்டிய தீனி, கம்பி, பூட்ஸ் எல்லாம் விற்கிற கடை. இறைச்சி உருளை நாலை எடுத்துக் கல்லாவில் வைத்தான்.

"என்னடா, உன் கெழட்டு நாய் யானையா ஆயிடுச்சா?" என்றேன்.

சிரிக்கவில்லை. கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனாடா நீ? இப்பவே போய்ச் சுடு. இன்னைக்கே."

"ரெண்டே நாள், ஃபே. வெள்ளிக்கிழமை நாலு மணி. ஒரு நிமிஷம் தாண்டட்டும், சுட்டுடறேன்."

"இன்னைக்கு எத்தனைன்னு சொன்னா ஏவிஸ்?"

"இருபத்தாறு." கல்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவகிட்ட சொல்லிடாத. கெஞ்சிக் கேக்குறேன்."

நான் சொல்லவில்லை. தம்பி கெஞ்சினான் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்தப் பலகையில் எங்கள் வீட்டுப் பெயரைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அவனுக்கும் மனசாட்சி இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை காலை ஏவிஸ் "பத்தொம்பது" என்று சொல்லிவிட்டு மேஜையில் தலை கவிழ்த்து அழுதிருக்கிறாள். அன்று மதியமே துப்பாக்கியோடு கொட்டகைக்குப் போனான். போட்டி போகட்டும், பூனை ஒழியட்டும் என்றுதான் போனானாம். பூனை வந்தது, தின்ன உட்கார்ந்தது. இவன் குறியும் வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ரோட்டில் டார்சியின் பிக்கப் வந்து நின்றது. பூனை ஒரே பாய்ச்சலில் புல்லுக்குள் மறைந்தது.

"இங்க என்னடா பண்ற, கிட்டத்தட்ட?" என்றான் டார்சி, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

"சரளை பாக்க வந்தேன்."

"துப்பாக்கியோடயா? சரளை கடிக்குமோ?" டார்சி கெக்கெக்கே என்று சிரித்தான். "ஆத்துப் பக்கம் ஒரு சாம்பல் பூனை திரியுதாமே, கன்னுக்குட்டி மாதிரி. நாளைக்கு நாலு மணிக்கு நானும் இங்கதான் இருப்பேன். நீயும் வா, என் தெர்மாஸ் ஃப்ளாஸ்கைப் புடிச்சுக்க."

அந்தப் பேச்சில் எல்லாம் மாறிவிட்டது. ஏவிஸின் அழுகை பின்னால் போனது, டார்சி முன்னால் வந்தான். மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான் நெவில். அவன் காத்திருந்தது சுடுவதற்கு இல்லை, டார்சி திரும்ப வந்து பூனையைப் பிடித்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு. பூனை இன்னும் இரண்டு தடவை வந்து போயிருக்கிறது. இதையும் அவனேதான் பின்னால் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து பொழுது சாயும்வரை இருவரும் கொட்டகைக்கு இரண்டு பக்கமும் படுத்துக் கிடந்தார்கள். பூனை வரவில்லை. அது எங்கே இருந்தது என்று சனிக்கிழமை காலையில் தெரிந்தது. ஏவிஸ் வீட்டுக்குள் வராமல் வாசல்படியிலேயே நின்று சொன்னாள்: "எண்ணுறதுக்கு எதுவும் இல்ல. மிச்சம் இருந்த பறவைங்களும் திட்டை விட்டுட்டுப் பறந்து போயிடுச்சு."

அன்று டார்சி வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டான். மாலை மூன்று மணிக்குப் பூனை கொட்டகைக்கு வந்தது. வயிறு தரையில் உரச, மெதுவாக நடந்து வந்து, பழக்கதோஷத்தில் இறைச்சித் துண்டுகளையும் தின்றது. ஒரே குண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஒரு மூலையில் தேநீரும் கறி அடைத்த பேஸ்ட்ரியும் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தார்கள். டார்சியின் பூனை ஆறு கிலோ நூறு. நெவில் சாக்கை அவிழ்த்தபோதே கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிப் தேடினேன், இல்லை. காதைத் தொட்டேன், ஊசி வைத்தேன், எல்லாம் சரி. தராசில் தூக்கிப் போட்டேன். ஏழு கிலோ முந்நூற்று அறுபது. கிளப்பின் சரித்திரத்திலேயே இல்லாத எடை. ஹால் அதிர்ந்தது. டார்சியே வந்து அவன் முதுகில் அறைந்தான்: "இனிமே உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடறதுடா!"

நெவில் யாரையும் பார்க்கவில்லை. ஏவிஸ் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கனம், வழியில் பயம்.

அவள் கை தேர்ந்த கை. ஒரே கீறலில் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தட்டில் எடுத்து வைத்தாள். வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னாள். "ஆலாக் குஞ்சு, மூணு." குரல் உடையவில்லை. "தாய்ப் பறவை, ஒண்ணு." பிறகு விரல்கள் நின்றன. தட்டின் ஓரத்தில் எதையோ ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தாள். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன இறைச்சிச் சதுரங்கள்.

"யாரோ தட்டு போட்டு, கத்தியால வெட்டிப் பரிமாறியிருக்கான்பா!" என்றான் டார்சி. கூட்டம் சிரித்தது.

ஏவிஸ் சிரிக்கவில்லை. "ஃபே, இது உங்க கடை உருளைதான?"

"என் கடைதான்," என்றேன். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான்," என்றான் நெவில்.

மூலையில் தேநீர்க் கெண்டி விசிலடித்தது. யாரோ ஓடிப்போய் அதை அணைத்தார்கள்.

"எப்பலேருந்து?" என்றாள் ஏவிஸ்.

"ஜூலை."

அவள் பூனையைப் பார்த்தாள். "ஜூலைலயே சுட்டிருந்தா?"

பைத்தியக்காரன், கேட்டது புரியவில்லை அவனுக்கு. இல்லை, முப்பத்தொரு வருஷப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. "அஞ்சு கிலோதான் இருந்திருக்கும்," என்றான். "மிஞ்சினா அஞ்சரை."

"ரெண்டு கிலோ," என்றாள் ஏவிஸ். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ரெண்டு கிலோவுக்கு."

நெவில் என் பக்கம் திரும்பினான். "ஃபே, என் பேர எழுதாத. இத எடுத்துடு, ஏதாவது விதியக் காட்டித் தள்ளிடு."

விதியில் இடமே இல்லை. பூனைக்குச் சோறு போடக் கூடாது என்று நான் எழுதவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்? நாலு மணிக்குப் பின் செத்தது, சிப் இல்லை, ஃப்ரீசர் இல்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவன்மேல், பாதி என்மேல். "எடை எடைதான்," என்று சொல்லி எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏவிஸ் குஞ்சுகளையும் தாய்ப் பறவையையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கார் பக்கம் நடந்தாள். நெவில் பின்னாலேயே ஓடினான். நானும் போனேன். அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நானும் வரேன், ஏவிஸ். ஆத்துக்குத்தான போற? நானும் வரேன்," என்றான்.

"நீ இரு," என்றாள். பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அது உருளாமல் தன் ஸ்வெட்டரை அணைகொடுத்தாள். "உன்ன மேடைக்குக் கூப்பிடுவாங்க. அப்ப நீ இருக்கணும்ல."

கார் சரளை ரோட்டில் திரும்பி மறையும்வரை அவன் அங்கேயே நின்றான். உள்ளே மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். வெறும் நெவில் என்று.