அத்தான் குதிகாலில் தடவியது

லேபிள் ஒட்டுவதில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். முதலில் சோப்பு, பிறகு பூச்சிமருந்து, கடைசியாக இந்த என்சைம் கம்பெனி. மனிதத் தோலின் மேலடுக்கில் புரதங்களை ஒன்றோடொன்று தைத்துக் கெட்டியாக்கும் என்சைம் அது. அதற்கான மரபணுவைக் குடல் கிருமிக்குள் நுழைத்து, கிருமியை வேலை வாங்கி, கிடைத்ததைச் சுத்தம் செய்து சின்னக் குப்பிகளில் அடைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். அவள் ஒட்டும் லேபிளில் இருப்பது: 'ஆய்வுக்கு மட்டும். மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.'

"மனுஷத் தோல்ல இருக்கறது மனுஷனுக்கே ஆகாதாம். கிருமி மட்டும் செய்யலாமாம்," என்பாள், மேனேஜர் காதில் விழுகிற மாதிரியே.

இதையெல்லாம் அக்கா வீட்டில் அவள் வாய்விட்டிருக்கக் கூடாது. அக்கா புருஷனுக்குக் குதிகாலில் வெடிப்பு. பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி வைக்கலாம், அவ்வளவு ஆழம்.

"ஒரே ஒரு குப்பி கொண்டாம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"மைனஸ் எண்பது டிகிரி குளிர்ல வைக்கிற பொருள் அத்தான். கால்ல தடவறதுக்கு இல்ல."

கொழுந்தியாள் கல்நெஞ்சக்காரி என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

நாள் முழுக்கக் கையுறை போட்டு அவள் கை வறண்டுபோகும். மருந்துக்கடைக் களிம்பைக் கொஞ்சம் ஒரு காலிக் குழாயில் அடைத்துக் கைப்பையில் வைத்திருப்பாள். குழாயில் கம்பெனியின் அச்சுப் பிழையான லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குழாயைக் காணோம். எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க சொந்தக்காரங்க மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. வெடிப்பு மருந்து வேணுமாம். உங்க அத்தான் பாதம் பச்சக்குழந்தை பாதம் மாதிரி ஆயிடுச்சாமே."

குழாய் போன இடம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. களிம்பு, குழாய், லேபிள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிழையான லேபிள்களை இனி தன் கண்ணெதிரே கிழித்துப் போடவேண்டும் என்றார் மேனேஜர். சொல்லும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் சோபாவில் காலை நீட்டி, எதிர்வீட்டுக்காரருக்குப் பாத தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"திருடினது இருக்கட்டும் அத்தான். அது மருந்துக்கடைக் களிம்பு. தடவிட்டு சாக்ஸ் போட்டுப் படுத்தீங்கல்ல, அதான் ஆறிடுச்சு."

"கம்பெனில மிரட்டி அனுப்பியிருக்காங்க, பாவம். நீ பயப்படாத, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்," என்றார், எதிர்வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே.

கடையில் அதே களிம்பு ஒரு டப்பா வாங்கி வந்து அவர் கையில் திணித்தாள். நாலு நாள் தடவிப் பார்த்து, "அந்தப் பவர் இல்ல," என்று தூக்கிப் போட்டார். மாதம் முடிவதற்குள் வெடிப்பு பழையபடி வாயைப் பிளந்தது.

டப்பாவை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். முழங்கைக்குப் போடுகிறாள். நன்றாகவே கேட்கிறதாம், அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.